நிமிர்ந்தால் கூலி இல்லை

"குனியக் கூடாது. வெயிட் தூக்கக் கூடாது. நல்லா ரெஸ்ட் எடு. முடிஞ்ச அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா செய். வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடணும், என்ன?"

மீன்சுருட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப்போய், காலையிலிருந்து வரிசையில் நின்று பார்த்த டாக்டர் என் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகு கேட்டாள்: "ஏன் பாப்பா, குனியாம செய்யிற வேல நமக்கு என்னா இருக்குது? நீ பெரிய படிப்பு படிச்சவதான, நீயே சொல்லு."

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. டாக்டரைத் திட்டுவதற்காக அல்ல. அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அந்த உண்மை எங்கள் தெருவுக்குள் வர முடியாதபடி வழியை மறித்துக்கொண்டு நிற்பது யார், அதில் நம் பங்கு என்ன என்பதுதான் பேச வேண்டியது.

1

அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இடுப்பில் தொடங்கியது இப்போது தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கிவிட்டது. 2023 ஐப்பசியிலிருந்து தை முடிய, மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் நான் ஒரு கணக்கு வைத்தேன். எழுந்திருக்க முடியாமல் படுத்த நாளுக்கு வட்டம். உடம்புக்கு மீறி வேலை செய்த நாளுக்குப் பெருக்கல் குறி. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது எனக்கே திக்கென்றிருந்தது. வலி அதிகமான நாளில் அம்மா தன்னைக் கெடுத்துக்கொள்ளவில்லை. வலி குறைந்த நாளில்தான் கெடுத்துக்கொண்டாள்.

கொஞ்சம் தேவலை என்று எழுந்த நாளில் விடியுமுன் நடவுக்குப் போவாள். திரும்பி வந்து, படுத்திருந்த நாளில் குவிந்துபோன துணியைத் துவைப்பாள். முந்திரித் தோப்புக்குப் போய் விறகு பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். தரையை மெழுகுவாள். "ஒடம்பு ஒத்துழைக்கிறப்பவே முடிச்சிடணும் பாப்பா, நாளைக்கு எப்பிடி இருக்குமோ." மறுநாள் வட்டம். அதற்கு மறுநாளும் வட்டம். கொல்லைக்குப் போகக்கூட என் தோளைப் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பாதி தேறிய உடம்போடு மறுபடியும் பெருக்கல் குறி. மாதம் போகப் போக வட்டங்கள் நீண்டன. பெருக்கல் குறிகள் குறைந்தன. ஆனால் வந்த பெருக்கல் குறி ஒவ்வொன்றும் முன்னதைவிட மோசமான நாளாக இருந்தது.

அந்தக் காலண்டரில் இன்னொன்றும் தெரிந்தது. பெருக்கல் குறிகள் ஞாயிறு, திங்களில் கூடிக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை குழுக்கடன் தவணை. தவணை தவறினால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் வந்து வாசலில் நிற்பார்கள். ஆக, அம்மாவின் இடுப்பு எப்போது ஓய வேண்டும், எப்போது உடைய வேண்டும் என்பதை முடிவு செய்தது அம்மா அல்ல.

2

மருத்துவம் இந்தச் சுழலை அறியாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு, அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. இன்னொரு நோயின் அறிகுறி என்று தள்ளிவிட முடியாது, சில பேருக்கு வலியே நோய் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து சேதி திரும்பத் திரும்ப வந்தால் தண்டுவடத்து நரம்புகளே கூர்மையேறிப் போய், சின்னத் தொடுதலையும் பெரிய வலியாக்கிவிடும் என்பதை 1983இல் க்ளிஃபர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் காட்டினார். "நடிக்கிறா" என்று எங்கள் பெண்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புண் ஆறிய பின்னும் வலி பொய்யல்ல.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970களிலேயே ஒரு வழி சொன்னார். வலி தாங்க முடியாமல் போகும்வரை வேலை செய்து பிறகு விழாதே. வலி என்ன சொன்னாலும், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரத்தில் நிறுத்து, குறித்த நேரத்தில் மறுபடி தொடங்கு, அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டு என்பது அதன் சாரம். நாள் கணக்கில் படுத்தே கிடந்தாலும் தசை நலிந்து வலி கூடும். அதனால் முழு ஓய்வும் மருந்தல்ல, முழு வேலையும் மருந்தல்ல. இது இன்று வலி மருத்துவத்தின் பாலபாடம்.

இந்த அறிவோடு எனக்குச் சண்டை இல்லை. கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் சண்டை.

மேல்மீறிய வேலை, பிறகு விழுதல், மறுபடி மேல்மீறிய வேலை என்ற இந்தச் சுழலை மருத்துவ நூல்கள் பெரும்பாலும் நோயாளியின் குணமாக எழுதுகின்றன. பிடிவாதம், எதையும் முழுமையாக முடித்தே தீரவேண்டும் என்ற மனம், வலியைக் கண்டு பயம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, மாதச் சம்பளம் வாங்கி, மருத்துவ விடுப்பும் எடுக்க முடிந்தவனுக்கு அது குணமாக இருக்கலாம். மீன்சுருட்டியில் அது கூலி முறை.

3

நடவைப் பாருங்கள். எங்கள் பக்கம் இப்போது நாள்கூலி நடவு குறைந்து போயிற்று. ஏக்கருக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் பேசி ஒரு கும்பல் இறங்கும். எவ்வளவு வேகமாக நடுகிறார்களோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த வயல். மேலே நின்று அதட்டும் ஆண்டை தேவையில்லை. கும்பலில் பின்தங்குகிறவளைப் பக்கத்தில் நடுகிறவளே அதட்டுவாள்: "ஏ அக்கா, நீ நிமுந்து நிமுந்து நின்னா எங்க கூலியுமில்ல போவுது." அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கும் செவ்வாய்க்கிழமை இருக்கிறது.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சை மண்ணில் பண்ணையாட்களை அடக்கச் சாணிப்பாலும் சவுக்கும் இருந்தன. செங்கொடியின் கீழ் போராடி 1944 ஒப்பந்தத்தில் அதற்கு முடிவு கட்டினார்கள். சவுக்கு போயிற்று. சவுக்கு செய்த வேலையை இன்று ஏக்கர் கணக்கு செய்கிறது. அதுவும் நம் கையைக் கொண்டே நம் முதுகில்.

மெஷின் வந்துவிட்டதே, இன்னும் என்ன கஷ்டம் என்பார்கள். அறுப்பு மெஷின் வந்தது உண்மை. மெஷின் இறங்க முடியாத சேறும், மழையில் சாய்ந்துபோன கதிரும், வரப்போரத்து மூலையும் நமக்கு. நடவு மெஷின் விட்டுப்போன இடத்தில் நாற்று ஊன்றுவதும் களையும் நமக்கு. நிமிர்ந்து செய்கிற வேலையெல்லாம் மெஷினுக்குப் போய், குனிந்து செய்வது மட்டும் மிச்சமாக நம்மிடம் நிற்கிறது. நடவு, களை இல்லாத காலத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்குவது. அதுவும் குனிந்துதான். உடைக்கப் போனால் குந்தியபடி, ஓட்டுப்பால் பட்டுக் கை பொத்துப்போக, கிலோ கணக்கில் கூலி. எழுந்து கால் நீட்டிய நேரத்துக்குக் கிலோ இல்லை.

பிறகு எப்படித்தான் இவர்கள் தொடர்ந்து வேலைக்குப் போகிறார்கள்? மெடிக்கலில் கொடுக்கும் செட் மாத்திரையால். காகிதத்தில் மடித்த இரண்டு மூன்று மாத்திரை, பேர் கிடையாது, சீட்டு கிடையாது. அதற்கும் அடங்காவிட்டால் ஓர் ஊசி. மாத்திரை போட்ட அன்று வலி தெரியாது. வலி தெரியாததால் இன்னும் கூடக் குனிவார்கள். நாள் கணக்கில் வலி மாத்திரை விழுங்கினால் வயிறு புண்ணாகும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவளுக்கு அது சிறுநீரகத்தையும் தின்னும். வயலில் பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். ஒதுங்க இடமில்லை.

4

இப்போது "சோம்பேறி" என்ற சொல்லுக்கு வருவோம்.

2005இல் சட்டமாகி எங்கள் மாவட்டத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த நூறுநாள் வேலையைப் பற்றி ஊர்த்தெருவில் என்ன பேசினார்கள்? "மரத்தடியில குந்திக் கத பேசிட்டுக் கூலி வாங்குறாளுவ. நூறுநாள் வேல வந்து ஊரே சோம்பேறியாப் போச்சு. வயலுக்கு ஆளே கெடைக்கல." பஸ்ஸில் கேட்டிருப்பீர்கள், பட்டிமன்றத்தில் கேட்டிருப்பீர்கள், கைதட்டலும் கேட்டிருப்பீர்கள்.

தோழர்களே, அந்தச் சட்டம் வேலை நடக்கும் இடத்தில் நிழல், குடிதண்ணீர், முதலுதவி, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எழுதி வைத்தது. எல்லா இடத்திலும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அங்கும் குழியை அளந்து கூலியை வெட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் என் அம்மா பத்துக் கூடை மண் தூக்கி, ஐந்து நிமிஷம் நிழலில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து போன ஒரே வேலைத்தலம் அதுதான். என் காலண்டரில் நூறுநாள் வேலை நடந்த வாரங்களில் வட்டமும் அரிது, பெருக்கல் குறியும் அரிது. ஃபோர்டைஸ் எழுதியதும், டாக்டர் சொன்னதும், அம்மா வாழ்க்கையில் செய்து பார்க்க முடிந்ததும் அந்த ஏரிக்கரையில்தான். பணக்காரனுக்கு அது சிகிச்சை. எங்களுக்கு அது சோம்பேறித்தனம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நூறு நாளை 125 நாள் என்றது. அதே சட்டம் விதைப்பும் அறுப்பும் மும்முரமாக நடக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தது. ஏன்? வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக. உடம்பு உடைகிற அந்த இரண்டு மாதத்தில்தான் உடம்பைக் காப்பாற்றும் வேலைக்குப் பூட்டு. பஸ்ஸில் பேசியது சட்டமாகிவிட்டது.

சோம்பேறி என்ற சொல் வெளியே மட்டும் இருந்தால் எதிர்த்துச் சண்டை போடலாம். அது அம்மாவுக்குள்ளும் இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாத நாளிலும் அவள் விறகுக்குப் போனது ஏன்? "சும்மா படுத்துக் கெடந்தா நாலு பேரு என்னா சொல்லுவாங்க." தலைமுறை தலைமுறையாக உழைப்பால் மட்டுமே அளக்கப்பட்ட ஒரு சாதியில், உழைக்காத உடம்புக்கு மதிப்பில்லை என்று நாமே நம்பிவிட்டோம். சாதி நம்மிடம் பிடுங்கிய பொருள்களின் பட்டியலை நாம் போட்டிருக்கிறோம். நிலம், தண்ணீர், தெரு, கோயில், சுடுகாடு. களைத்துப்போக உள்ள உரிமையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

5

இனி நம்மைப் பற்றி.

எம்.ஏ.வில் எங்களுக்கு முக்கூடற்பள்ளு பாடம். நெல் வகையையும் மாட்டு வகையையும் பரீட்சைக்கு உருப்போட்டேன். பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டும் இடத்தை வகுப்பில் சிரிக்கச் சிரிக்க நடத்தினார்கள். நானும் சிரித்தேன். மரக்கட்டைக்குள் சிக்கிய கால் யாருடைய கால் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அது பழைய இலக்கியம், ஆதிக்கச் சாதியின் இலக்கியம் என்று தள்ளலாம். நம் மேடையிலும் நம் பத்திரிகையிலும் வரும் கவிதைகளைப் பாருங்கள். கறுத்த உடம்பு, காய்த்த கை, வியர்வை, சேறு, ஓயாத அம்மா. ஓயாத அம்மாவைப் போற்றி நானே இரண்டு கவிதை எழுதியிருக்கிறேன். ஒன்று கல்லூரியில் பரிசு வாங்கியது. அதை அவளிடம் படித்துக் காட்டியபோது அவள் படுத்திருந்தாள். "நல்லாத்தான் இருக்குது. அந்த வெந்நி ஒத்தடத்தக் கொஞ்சம் வையி" என்றாள். 1990களில் நம் எழுத்து உடம்பை நடுவில் கொண்டுவந்து வைத்தது பெரிய சாதனை. ஆனால் நாம் கொண்டுவந்த உடம்பு பெரும்பாலும் உழைக்கும் உடம்பு, அல்லது அடிபட்ட உடம்பு. இடையில் ஒன்று உண்டு. அடிபட்ட தழும்பு இல்லை, உழைக்கவும் முடியவில்லை, பாயில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த உடம்புக்கு நாம் ஒரு வரி எழுதவில்லை. அது போராட்டத்துக்கு உதவாது என்று நினைத்தோமா?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். 2025 ஜூலையில் ராஜேந்திர சோழனுக்குப் பெரிய விழா எடுத்தார்கள், பிரதமர் வந்தார். ராஜேந்திரன் சோழகங்கம் வெட்டினான் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று பொன்னேரி என்கிறோம். அந்தக் கரையில் நின்று மைல் கணக்கில் நீளும் மண்ணைப் பாருங்கள். அதைச் சுமந்தவர்களின் முதுகெலும்பு பற்றி எந்தக் கல்வெட்டில் தேடுவது? எழுத வேண்டியது அது. பெருமை பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நடவு முடிந்தால் வயல் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு குடம், அடுப்பு, துணி, மாடு. கூலி உயர்வுக்கு மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் தண்ணீர் கேட்கும் தோழர்களை எனக்குத் தெரியும். பேர் சொல்லவில்லை. அவரவருக்கே தெரியும்.

6

என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் கலிபோர்னியா வயல்களில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளிகளுக்கு மிகக் குட்டையான பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்திருந்தார்கள். ஸ்பானிய மொழியில் அதன் பேரே "குட்டையன்". நாள் முழுக்க இரண்டாக மடிந்து களை வெட்ட வேண்டும். நீண்ட பிடி போட்டால் பயிர் கெடும் என்றார்கள் முதலாளிகள். உண்மைக் காரணம் தொழிலாளிக்குத் தெரியும். எல்லாரும் குனிந்திருக்கும் வயலில் ஒருவன் நிமிர்ந்தால் தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். அவர்களின் தலைவர் சீசர் சாவேஸ் தன் முதுகுவலிக்கும் அந்தக் கருவியே காரணம் என்றார். தொழிலாளிகளும் ஏழைகளுக்கு வாதாடிய வழக்கறிஞர்களும் டாக்டர்களின் சாட்சியத்தோடு நீதிமன்றம் போய், 1975இல் அந்தக் கருவிக்கே தடை வாங்கினார்கள். பயிர் ஒன்றும் அழிந்துபோகவில்லை. கவனியுங்கள், அவர்கள் தொழிலாளியின் குணத்தைத் திருத்தப் போகவில்லை. பிடியை நீளமாக்கினார்கள்.

நம் மாநிலத்திலேயே 2021இல் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே நாளில் வாபஸ் ஆயிற்று. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில், 1946இல், ஆலைத் தொழிலாளியின் வார வேலை 48 மணி நேரமாகக் குறைந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக் கூடாது, அரை மணி ஓய்வு கொடு என்றது. இவையெல்லாம் மில்லுக்கு வந்தன, கடைக்கு வந்தன. வயலுக்கு மட்டும் வரவில்லை. வயலில் நிற்பவள் யார் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிட்டபோதும் நாள்பட்ட வலி அதில் இல்லை. ஸ்கேனில் தெரியாத வலிக்குச் சான்றிதழும் இல்லை.

எனவே கேட்க வேண்டியதைக் கேட்போம். கூலி கேட்கும்போதே நிமிரும் நேரத்தையும் கேட்க வேண்டும். கான்ட்ராக்ட் பேசும்போது மணிக்கு ஒருமுறை எல்லாரும் கரையேறும் நேரமும் அந்தப் பேச்சில் சேர வேண்டும். பின்தங்குகிறவளின் பங்கை வெட்டுவதில்லை என்று கும்பலுக்குள் முடிவு வேண்டும். நம் களைக்கொத்தின் பிடி ஒரு முழம்கூட இல்லை. அதை நீளமாக்க எந்த விஞ்ஞானியும் வரவேண்டியதில்லை. நடவுக் காலம், அறுப்புக் காலம் என்று சொல்லி அரசு வேலையை நிறுத்தக் கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீடு தேடி வரும் என்றார்கள். பகலில் எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கரைக்கு வரட்டும். நாற்றங்காலுக்கு வரட்டும்.

இதெல்லாம் நடக்கிற கதையா என்பீர்கள். போன ஐப்பசியில் எங்கள் தெருக் கும்பல் ஒன்றில் பேசிப் பார்த்தோம். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். குறித்து வைத்த நேரத்தில் பதினெட்டுப் பேரும் ஒன்றாக நிமிர்ந்து கரையேறினார்கள். தண்ணீர் குடித்து, இடுப்பைப் பின்பக்கம் வளைத்து, மறுபடி இறங்கினார்கள். வயல்காரர் ஒருவர் கத்தினார். "என்னா, ஸ்கூலு பெல் அடிச்சிட்டாங்களா?" என்றார். மறுநாள் எங்களைக் கூப்பிடவில்லை, வேறு ஊர் ஆளை இறக்கினார். இன்னொருவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வயலையும் கொடுத்தார். ஒரு வயல் போயிற்று, ஒரு வயல் நின்றது. அதற்குமேல் பெருமையடிக்க இதில் ஒன்றுமில்லை.

அம்மா அந்தக் கும்பலில் இருந்தாள். அந்த வாரம் காலண்டரில் ஒரு வட்டம் மட்டும் போட்டேன். அவள் ஒருத்தி நிமிர்ந்தால் மேஸ்திரி பார்ப்பான், பக்கத்திலிருப்பவள் திட்டுவாள், கூலி போகும். பதினெட்டுப் பேர் நிமிர்ந்தபோது ஒரு வயல்தான் போயிற்று. ஊரிலுள்ள எல்லாக் கும்பலும் நிமிர்ந்தால் அவர் எந்த ஊரிலிருந்து ஆளை இறக்குவார்?